என்ன வேலை பார்க்கிறார்கள்? சிங்கப்பூரில் நாவல்களோடு ஒரு பயணம்

சனி, தோ பாயோ

திருச்சியில் விமானம் ஏறும்போது கெவின் குவானின் 'கிரேசி ரிச் ஏஷியன்ஸ்' நாவலில் கடைசி அத்தியாயங்கள் மிச்சம் இருந்தன. சாங்கியில் இறங்குவதற்குள் முடித்துவிட்டேன். 2013இல் வெளிவந்து உலகமெங்கும் விற்ற நாவல். சிங்கப்பூர் என்றதும் வெளிநாட்டு வாசகர்கள் பலர் இதைத்தான் முதலில் சொல்கிறார்கள் என்பதால் நானும் இதிலிருந்தே தொடங்கினேன்.

நியூயார்க்கில் பேராசிரியராக இருக்கும் ரேச்சல் சூ, காதலன் நிக்கோலஸ் யங்கோடு அவனுடைய ஊரான சிங்கப்பூருக்கு ஒரு கல்யாணத்துக்கு வருகிறாள். வந்த பிறகுதான் அவன் எப்பேர்ப்பட்ட குடும்பத்துப் பிள்ளை என்று தெரிகிறது. டயர்சால் பார்க் என்ற மாளிகை, வாசலில் கூர்க்கா காவலர்கள், பாட்டியம்மாவை விட்டு நகராத தாய்லாந்துப் பணிப்பெண்கள். வம்பு பேச வைப்பதில் குவான் தேர்ந்தவர். பெரிய வீட்டுப் பெண்கள் கூடி உட்கார்ந்து வரப்போகும் மருமகளின் பூர்வீகத்தைத் தோண்டும் பக்கங்களில் நம் ஊர்க் கல்யாண வீட்டுக் குரல்கள் அப்படியே காதில் விழுகின்றன. உள்ளூர் உணவைப் பற்றிய அடிக்குறிப்புகளும் அருமை.

இருந்தும் இந்த நாவல் என் மனத்தில் தங்கவில்லை. கூட்டுறவு வங்கியில் பல ஆண்டுகள் பேரேடு எழுதியவள் நான். எந்த நாவலைத் திறந்தாலும் இதில் வருகிறவர்கள் என்ன வேலை பார்த்துச் சாப்பிடுகிறார்கள் என்றுதான் என் மனம் முதலில் கேட்கிறது. ஒருவர் செய்யும் வேலையின் நெளிவுசுளிவு தெரிந்த எழுத்தாளரிடம் அந்த மனிதர் உயிரோடு எழுந்து வருகிறார். தெரியாதவரிடம் உடையும் வசனமும்தான் மிஞ்சுகின்றன. குவானின் நாவலில் பணம் ஆறாக ஓடுகிறது, அது எந்த மலையில் ஊறியது என்பது மட்டும் இரண்டு மூன்று வரிகளில் முடிந்துவிடுகிறது. கைப்பைக்கு, காருக்கு, வைரத்துக்கு எல்லாம் பெயர் உண்டு. வாசலில் நிற்கும் அந்தக் கூர்க்காக்களுக்கு ஒரு நாள் பொழுது எப்படிப் போகிறது என்று அறிய எனக்கு ஆசையாக இருந்தது. நாவலுக்கு அந்த ஆசை இல்லை.

தோ பாயோவில் அக்கா வீட்டில்தான் தங்கியிருக்கிறேன். அக்கா மகள் யாழினி தொடக்கக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். "பணக்காரர்களைப் பற்றி நாவல் எழுதக்கூடாதா, சித்தி?" என்று கேட்டாள். தாராளமாக எழுதலாம், அவர்கள் பணக்காரர்களாக இருப்பதற்குத் தினமும் என்ன செய்கிறார்கள் என்பதையும் எழுதட்டும் என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. தன் அலமாரியிலிருந்து ஒரு கட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் கட்டிலில் வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். எல்லாமே சிங்கப்பூரைப் பற்றியவை. அவற்றில் சிலவற்றை ஊரிலேயே படித்திருக்கிறேன். மற்றவற்றை இங்கே படிக்கப்போகிறேன்.

ஞாயிறு, மார்க்கெட் ஸ்திரீட்

ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' நாவலை மறுபடியும் படித்துவிட்டுத்தான் இந்த ஊருக்கு வந்தேன். 1959இல் வெளிவந்தது. கதை நடப்பது பினாங்கில். சிங்காரம் வேலை பார்த்தது இந்தோனேசியாவின் மேடானில். சிங்கம்புணரியில் பிறந்து 1938இல் கப்பலேறிப் போனவர். சிங்கப்பூரில் அந்த நாவலைத் தேடிப் போக ஓர் இடம் உண்டு என்று அத்தான் சொன்னார். ராஃபிள்ஸ் பிளேஸ் நிலையத்தில் இறங்கி இருவரும் மார்க்கெட் ஸ்திரீட்டுக்கு நடந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் வங்கிகள் நிறைந்த அந்த வட்டாரம் வெறிச்சோடிக் கிடந்தது. செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய கூடங்களான கிட்டங்கிகள் வரிசையாக இருந்த தெரு இது. 1970களில் நகர மறுசீரமைப்புக்காக அவற்றை இடித்தார்கள். பின்பு கோல்டன் ஷூ கார் நிறுத்தக் கட்டடம் நின்ற இடத்தில் இன்று 280 மீட்டர் உயரத்துக்கு கேப்பிட்டாஸ்பிரிங் கோபுரம் நிற்கிறது. தலையை முழுவதும் பின்னால் சாய்த்தால்தான் உச்சி தெரிகிறது. கிட்டங்கி இருந்த சுவடே இல்லை.

அதனால் நாவலில்தான் அதைப் பார்க்க வேண்டும். நீளமான கூடம். சுவரோரமாக ஆளுக்கு ஓர் இடம். அந்த இடத்தில் பாய், முன்னால் சாய்வான கணக்குமேசை, பக்கத்தில் மரப்பெட்டி. பெட்டிக்குள்தான் பத்திரம், பணம், பேரேடு எல்லாம். பல தொழில்கள் ஒரே கூரைக்குக் கீழே, இடையில் சுவர் கிடையாது. பகலில் தொழில் நடந்த இடத்திலேயே இரவில் படுக்கை. பெட்டியடிப் பையனாக வந்து சேருகிறவன் கூட்டிப் பெருக்கி, எடுபிடி வேலை செய்து, கணக்குப் பழகி, அடுத்தாளாகி, கடைசியில் மேலாள் ஆகலாம். மூன்று ஆண்டுக் கணக்கு முடிந்தால் ஊருக்கு ஒரு பயணம். மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் சிறு கடைகளுக்கும் கடன் போனது இப்படிப்பட்ட பெட்டிகளிலிருந்துதான்.

சிங்காரத்துக்கு இந்த ஏணியின் ஒவ்வொரு படியும் தெரியும். 'கடலுக்கு அப்பால்' நாவலை வெறும் காதல் கதை என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. இந்திய தேசிய ராணுவத்திலிருந்து திரும்பும் செல்லையா பினாங்கில் வானாயீனாவின் வட்டிக்கடைக்கு வருகிறான். முதலாளி மகள் மரகதத்தை விரும்புகிறான். முதலாளி மறுக்கிறார். சாதியையோ சொத்தையோ அவர் காரணமாகச் சொல்வதில்லை. துப்பாக்கி தூக்கியவனுக்கு வட்டித் தொழிலுக்கு வேண்டிய அடக்கம் இருக்காது என்பதுதான் அவருடைய கணக்கு. ஒரு தொழில் தன் ஆட்களின் நடை, பேச்சு, பார்வை எல்லாவற்றையும் எப்படி வளைத்து வைத்திருக்கிறது என்று தெரிந்தவரால்தான் இப்படி ஒரு மறுப்பை எழுத முடியும். வானாயீனா கெட்டவர் இல்லை. அவர் சொல்வது முழுக்கத் தவறும் இல்லை. இந்த நாவலின் வலியே அதுதான்.

1972இல் வெளியான 'புயலிலே ஒரு தோணி' இதைவிடப் பெரிய நாவல் என்பதில் சந்தேகமில்லை. மேடான் தெருவும் பினாங்குப் பேச்சும் சின்னமங்கலத்து நினைவும் ஒரே மூச்சில் வருகின்றன. நாயகன் பாண்டியன் சாகசக்காரன் ஆகிவிடும் பகுதிகளில் மட்டும் எனக்குக் கொஞ்சம் தூரம் வந்துவிடுகிறது. அவன் நண்பர்களோடு உட்கார்ந்து தமிழ், தமிழர், பழம்பெருமை என்று எல்லாவற்றையும் போட்டு உடைக்கும் உரையாடல்களை எத்தனை முறையும் படிக்கலாம். சிங்காரம் மதுரையில் வாழ்ந்து 1997இல் மறையும் வரை, நாங்கள் அவரை உரிய இடத்தில் வைத்துக் கொண்டாடவில்லை என்பது என் ஊர்க்காரர்கள் மீது எனக்குள்ள தீராத வருத்தம்.

அங்கிருந்து ஆற்றைக் கடந்து எஸ்பிளனேட் பூங்காவுக்குப் போனோம். இந்திய தேசிய ராணுவத்தின் நினைவுச்சின்னம் இருந்த இடத்தில் 1995இல் வைத்த அடையாளக் கல் இருக்கிறது. 1945 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் அடிக்கல் நாட்டிய சின்னத்தை, திரும்பி வந்த பிரிட்டிஷ் படை சில மாதங்களுக்குள் வெடி வைத்துத் தகர்த்தது. எதிரே பாடாங் திடல். 1943 ஜூலையில் போஸ் படை அணிவகுப்பைப் பார்வையிட்ட திடல் அது. அந்த வரிசைகளில் நின்றவர்களில் எத்தனையோ பேர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்கள், கடைகளில் கணக்கு எழுதியவர்கள். செல்லையாவும் அவர்களில் ஒருவன். படை கலைந்ததும் அவனுக்கு வேலை வேண்டியிருந்தது. வரலாற்று நூல்கள் அணிவகுப்போடு நின்றுவிடுகின்றன. அதற்கு மறுநாள் காலையில் என்ன ஆயிற்று என்பதை நாவல்தான் சொல்கிறது.

மாலையில் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில். செட்டியார்கள் 1859இல் எழுப்பியது. இந்த முருகனைப் பாடித்தான் சதாசிவ பண்டிதர் 1887இல் 'சிங்கை நகர் அந்தாதி' வெளியிட்டார். நல்ல தரிசனம்.

திங்கள், மழை

காலையிலிருந்து விடாத மழை. வீட்டிலேயே இருந்தேன். அக்கா போட்டுக் கொடுத்த இஞ்சித் தேநீரோடு இரண்டு துப்பறியும் நாவல்களும் ஒரு மாயக்கதையும்.

ஷாமினி ஃபிளின்டின் 'தி சிங்கப்பூர் ஸ்கூல் ஆஃப் வில்லனி' நாவலில் பன்னாட்டு வழக்கறிஞர் நிறுவனத்தின் மூத்த பங்குதாரர் அலுவலகத்திலேயே கொல்லப்படுகிறார். விசாரிக்க வருகிறவர் இன்ஸ்பெக்டர் சிங். தலைப்பாகை, தொப்பை, வெள்ளை நிற ஓட்டக் காலணி, சாப்பாட்டு ஆசை. மேலதிகாரிகளுக்கு அவரைப் பிடிக்காது. ஃபிளின்ட் வழக்கறிஞராக இருந்தவர் என்பதால் அந்த அலுவலகம் அச்சு அசலாக இருக்கிறது. யார் எந்த அறையில் உட்காரலாம், எந்தக் கோப்பு யார் கைக்குப் போகும், பங்குதாரர்கள் ஒருவரை ஒருவர் எப்படி அளவெடுக்கிறார்கள் என்பதெல்லாம் கொலையைவிடச் சுவையானவை. கொலையாளி யார் என்பதில் எனக்குப் பெரிய வியப்பு ஏற்படவில்லை. அது எனக்குக் குறையாகவும் படவில்லை.

ஓவிடியா யூவின் 'தி ஃபிராங்கிபானி ட்ரீ மிஸ்டரி' 1936இல் நடக்கிறது. போலியோவால் கால் தாங்கி நடக்கும் சூ லின், பிரிட்டிஷ் அதிகாரி வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போகிறாள். அந்த வேலையில் முன்பு இருந்த பெண் செத்துப்போயிருக்கிறாள். வேலைக்காரியை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை என்பதே சூ லினுக்குத் துப்பறிய வசதியாகிவிடுகிறது. இது ரொம்பவும் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. வெள்ளைக்கார எஜமானர்கள் மட்டும் அட்டையில் வெட்டியவர்களாக நிற்கிறார்கள்.

மாயக்கதை, யாழினி உயிரை விடும் நியான் யாங்கின் 'தி பிளாக் டைட்ஸ் ஆஃப் ஹெவன்'. நாட்டை ஆளும் தாய், தன் இரட்டைப் பிள்ளைகளை மடத்துக்குக் கொடுத்துவிடுகிறாள். மந்திர ஆற்றல் உள்ளவர்கள் கையில்தான் எல்லா அதிகாரமும். சிறிய நூல் என்பதால் சில இடங்களில் ஆண்டுகள் தாவித் தாவி ஓடுகின்றன, நெஞ்சில் தைக்க வேண்டிய சாவுகள் தைக்காமல் போகின்றன. ஆனால் மந்திரம் தெரியாத சாதாரண மக்களுக்காக இயந்திரங்கள் செய்யும் கலகக்காரர்கள் இதில் வருகிறார்கள். விளக்கு எரியவும் பாரம் தூக்கவும் மந்திரவாதியின் தயவு எதற்கு என்று கேட்பவர்கள். அவர்கள் வந்த பிறகு நூலைக் கீழே வைக்கவில்லை. இந்த வகைக் கதைகளை நான் அதிகம் படித்தவள் இல்லை. யாழினியின் தயவில் இனிப் படிப்பேன்.

செவ்வாய், மரின் பரேட்

ஆர்ச்சர்டில் ரயில் மாறி, தாம்சன் ஈஸ்ட் கோஸ்ட் தடத்தில் மரின் பரேட் நிலையத்தில் இறங்கினேன். இந்தப் பக்கத்து நிலையங்கள் 2024இல்தான் திறந்தன. மேலே வந்ததும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) உயரமான கட்டடங்கள், மரங்கள், பேருந்துகள். பல காலமாக இப்படியே இருந்த ஊர் போலத் தெரிகிறது. நான் நின்ற இடம் 1960களின் நடுவில் கடல்.

ரேச்சல் ஹெங்கின் 'தி கிரேட் ரெக்லமேஷன்' (2023) இந்தக் கடற்கரையின் கதை. மீனவக் கம்பத்துச் (கிராமத்துச்) சிறுவன் ஆ பூன். அப்பாவோடு முதல்முறை படகில் போகும்போது, வரைபடத்தில் இல்லாத தீவு ஒன்று கண்ணெதிரே தோன்றுகிறது. அந்தத் தீவைச் சுற்றி மீன் குவிந்து கிடக்கிறது. ஆ பூன் படகில் இருந்தால்தான் தீவு அகப்படுகிறது. முதல் பாகம் முழுக்க வலை, படகு, நீரோட்டம், பாடு கிடைத்த நாள், கிடைக்காத நாள். இந்தப் பக்கங்களை எழுத ஹெங் எவ்வளவு பாடுபட்டிருப்பார் என்று ஒவ்வொரு பத்தியிலும் தெரிகிறது. மாயத் தீவைக்கூட மீனவர்கள் தொழில்காரர்களின் கண்ணோடுதான் பார்க்கிறார்கள். எவ்வளவு மீன், யார் யாருக்குப் பங்கு, பக்கத்துக் கம்பத்துக்குச் சொல்லலாமா கூடாதா என்று பேசுகிறார்கள். மாயம் என்னை நம்ப வைத்தது அதனால்தான்.

ஆ பூன் வளர்ந்ததும் அரசாங்கத்தின் சமூக மன்றத்தில் வேலைக்குச் சேருகிறான். கடலைத் தூர்க்கும் திட்டத்துக்குத் தன் ஆட்களையே இணங்க வைக்க வேண்டியவன் ஆகிறான். இடதுசாரி மாணவர் இயக்கத்தில் இறங்கும் சியோக் மேய் மீது அவனுக்குச் சிறுவயதிலிருந்தே அன்பு. இரண்டாம் பாகத்தில் நாவல் இந்த அன்பைச் சுற்றியே அதிகம் சுழல்கிறது, தொழில் பின்னால் போய்விடுகிறது. வீடு வாசலோடு இடம்பெயர்ந்த மீனவர்கள் அடுக்குமாடிக்குப் போய் என்ன வேலை பார்த்தார்கள், வலை பின்னிய கைகளுக்கு எது கிடைத்தது என்று நான் காத்திருந்தேன். அந்தப் பக்கங்கள் மிகக் குறைவு. அதே சமயம், அரசாங்கத்தை அரக்கனாக்கி எளிதாகத் தப்பித்துக்கொள்ளாத நேர்மை ஹெங்கிடம் இருக்கிறது. குழாயில் தண்ணீர் வருவதையும் வெள்ளம் புகாத தரையையும் விரும்பும் அம்மாக்கள் அவர் கம்பத்தில் இருக்கிறார்கள். இழப்பும் உண்மை, வசதியும் உண்மை என்று இரண்டையும் ஒரே கையில் பிடித்திருக்கிறார்.

ஈஸ்ட் கோஸ்ட் பகுதியைத் தூர்க்கும் பணி 1966இல் தொடங்கியது. பிடோக் பக்கத்துக் குன்றுகளை வெட்டி, கன்வேயர் பெல்ட்டில் மண்ணைக் கரைக்குக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். சுதந்திரத்துக்கு முன்பு 580 சதுர கிலோமீட்டர் அளவில் இருந்த தீவு இப்போது 730 சதுர கிலோமீட்டருக்கு மேல். காத்தோங் பக்கத்துப் பழைய பங்களாக்கள் கடலைப் பார்த்துக் கட்டியவை. இன்று அவற்றுக்கும் அலைக்கும் இடையே ஒரு பெரிய குடியிருப்பும் விரைவுச்சாலையும் பூங்காவும் இருக்கின்றன. சுரங்கப் பாதை வழியாகப் பூங்காவுக்குப் போய்க் கரையில் உட்கார்ந்து கடைசி இரண்டு அத்தியாயங்களை மறுபடி படித்தேன். எதிரே துறைமுகத்துக்குள் நுழைய முறை பார்த்துக் கப்பல்கள் நங்கூரம் பாய்ச்சி நின்றன.

புதன், பழைய ஃபோர்ட் தொழிற்சாலை

விடிகாலையில் அக்காவோடு மீனும் காய்கறியும் விற்கும் ஈரச்சந்தைக்குப் போனேன். பழக்கடைக்குப் பின்னால் எழுபது வயதைத் தாண்டிய சீனப் பாட்டி ஒருவர் அட்டைப்பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். பெட்டியைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த டேப்பைச் சின்னக் கத்தியால் ஒரே இழுப்பில் கிழித்தார். நான்கு பக்கத்தையும் விரித்துக் காலால் மிதித்துத் தட்டையாக்கினார். ஈரமான அட்டையைத் தனியே ஒதுக்கினார். முழங்கால் உயரம் சேர்ந்ததும் ரஃபியா கயிற்றைக் குறுக்கும் நெடுக்கும் ஓட்டி, முழங்காலால் அழுத்தியபடி முடிச்சுப் போட்டுத் தள்ளுவண்டியில் ஏற்றினார். வீட்டுக்கு வந்து கேட்டபோது, கிலோவுக்குப் பத்துக் காசு தேறினால் பெரிது என்றார் அத்தான்.

ஜிங்-ஜிங் லீயின் 'ஹவ் வீ டிஸப்பியர்ட்' (2019) நாவலை நான் ஊரிலேயே படித்திருந்தேன். அதன் நாயகி வாங் டி முதுமையில் செய்யும் வேலை இதுதான். அந்த அட்டைகளின் கனம் இன்றைக்குத்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது. ஜப்பானியர் ஆட்சியில், பதினேழு வயதில், அவளை ராணுவ லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்ப் படைவீரர்களின் விடுதியில் அடைக்கிறார்கள். போருக்குப் பிறகு அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசுவதில்லை. கட்டிய கணவரிடமும் பேசவில்லை. அவர் இறந்த பிறகு, 2000ஆம் ஆண்டில், தனியாகத் தெருத்தெருவாக அட்டை சேகரிக்கிறாள். இன்னொரு பக்கம் கெவின் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன், பாட்டி சாகும் நேரத்தில் சொன்ன ரகசியத்தைத் துருவிக்கொண்டு போகிறான்.

விடுதி அத்தியாயங்களை ஒரே மூச்சில் என்னால் படிக்க முடியவில்லை. அங்கே நடப்பதை வேலை என்று சொல்ல நா எழாது. லீயும் சொல்வதில்லை. பசி, வரிசை, காய்ச்சல், பக்கத்து அறைச் சுவரைத் தட்டும் சத்தம் என்று எழுதிக்கொண்டே போகிறார், உரத்துக் கதறுவதே இல்லை. தன் உடம்பின் மேல் எந்த உரிமையும் இல்லாமல் கிடந்தவள், கிழவியான பிறகு அட்டையைத் தானே பொறுக்கி, தானே கட்டி, தானே விற்று, வந்த காசைத் தானே எண்ணுகிறாள். வேண்டாம் என்று யார் தடுத்தாலும் அவள் ஏன் விடுவதில்லை என்று எனக்கு விளங்கியது. கெவின் பகுதியில் தற்செயல்கள் கூடுதல். அவன் தேடியதெல்லாம் சட்டென்று கைக்கு வந்துவிடுகிறது. இவ்வளவு பெரிய நாவலுக்கு அந்தச் சலுகை தேவைப்பட்டிருக்காது.

பத்து மணிக்கு நியூட்டனில் ரயில் மாறி ஹியூம் நிலையத்துக்குப் போனேன். 2025இல் திறந்த நிலையம். பழைய ஃபோர்ட் தொழிற்சாலை பக்கத்திலேயே இருக்கிறது. தென்கிழக்கு ஆசியாவில் ஃபோர்ட் நிறுவனம் கார் பூட்டிய முதல் தொழிற்சாலை. 1942 பிப்ரவரி 15, சீனப் புத்தாண்டு நாள். அன்றுதான் பிரிட்டிஷ் ஜெனரல் பெர்சிவல் இங்கே ஜப்பானியத் தளபதி யமஷிதாவிடம் சரணடைந்தார். கையெழுத்தான அறையைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். பிறகு ஜப்பானியர் சீனர்களைக் கொன்று குவித்த சூக் சிங் படுகொலைகள், வாழைமரம் அச்சிட்ட நோட்டுகள், தோக்கியோ நேரத்துக்குத் திருப்பிய கடிகாரங்கள் என்று காட்சிகள் நீள்கின்றன.

மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' (1993) நாவலை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. சயாமுக்கும் (தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதை. 60,000க்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் அதில் வேலை செய்தார்கள். அவர்களைப் போலப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்களும் வேலை செய்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து அள்ளிக்கொண்டு போன தமிழர்கள் அவர்களில் ஏராளம். ஆங்கிலத்தில் வந்த கதைகளில் கைதிகளின் துயரம்தான் பெரும்பாலும் தெரிகிறது. சண்முகத்தின் நாவலில் மண் சுமந்தவர்களும் கட்டை தூக்கியவர்களும் தமிழில் பேசுகிறார்கள், தமிழில் சாகிறார்கள். நடை எளிமையானது. உணர்ச்சி மிகுந்து வழியும் இடங்கள் உண்டு, சில உரையாடல்கள் மேடைப் பேச்சாகிவிடுகின்றன. இவற்றை எல்லாம் சொன்ன பிறகும், வேறு எந்த மொழியிலும் எழுதியிருக்க முடியாத நாவல் இது என்றுதான் சொல்வேன். தமிழ்நாட்டில் இதைப் படித்தவர்கள் என் நட்பு வட்டத்தில் மிகச் சிலர். எல்லோருக்கும் வாங்கிக் கொடுக்கப்போகிறேன்.

வெள்ளி, பிராஸ் பசா

புகிஸ் நிலையத்திலிருந்து யாழினியும் நானும் பிராஸ் பசா காம்ப்ளெக்சுக்கு நடந்தோம். புத்தகக் கடைகள், ஓவியப் பொருள் கடைகள், பழைய புத்தகக் கடைகள் எல்லாம் 1980லிருந்து இந்தக் கட்டடத்தில் இருக்கின்றன. சோனி லியூவின் 'தி ஆர்ட் ஆஃப் சார்லி சான் ஹாக் சாய்' (2015) வாங்கினேன்.

படக்கதை என்று தள்ளிவைக்க வேண்டாம். சார்லி சான் என்ற கற்பனைச் சித்திரக்காரர் வாழ்நாள் முழுக்க வரைந்த கதைகளின் வழியாகச் சிங்கப்பூரின் அரசியல் வரலாறு விரிகிறது. அவர் சிறுவனாக வரைந்தவை, இளைஞனாக வரைந்தவை, முதுமையில் வரைந்தவை ஒவ்வொன்றும் வேறு வேறு பாணியில், வேறு வேறு காகிதத்தில் இருப்பதுபோல லியூ வரைந்திருக்கிறார். லீ குவான் யூவும் இடதுசாரித் தலைவர் லிம் சின் சியோங்கும் பாத்திரங்களாக வருகிறார்கள். தேசியக் கலைகள் மன்றம் 8,000 வெள்ளி மானியத்தைத் திரும்பப் பெற்றது. 2017இல் படக்கதைகளுக்கான அமெரிக்காவின் ஐஸ்னர் விருதுகள் மூன்று கிடைத்தன. இந்த விவகாரங்களைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். என்னைக் கவர்ந்தவர் யாரும் வாங்காத படங்களை மேசைக்கு முன்னால் குனிந்து வரைந்துகொண்டே இருக்கும் அந்த மனிதர். புகழ் வரவில்லை, கை நிற்கவில்லை. தொழிலை இவ்வளவு மதிக்கும் புத்தகம் சமீபத்தில் நான் படிக்கவில்லை.

தேநீர் குடிக்கும்போது யாழினி, பல்லி கௌர் ஜஸ்வாலின் 'சுகர்பிரெட்' (2016) நாவலை எடுத்து வைத்தாள். சீக்கியக் குடும்பத்துப் பத்து வயதுச் சிறுமி பின், அம்மா சமைத்ததை ருசி பார்த்தே அம்மாவின் மனநிலையைக் கண்டுபிடித்துவிடுவாள். பாட்டி வீட்டோடு வந்து தங்கியதும் சமையலின் ருசியே மாறிப்போகிறது. "இதில் யாரும் சம்பளத்துக்கு வேலை பார்ப்பதைப் பற்றிப் பெரிதாக எதுவும் இல்லை. உங்களுக்குப் பிடிக்காதா, சித்தி?" என்றாள். எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அடுப்படியில் பின்னின் அம்மா ஜினி செய்வதைவிடப் பெரிய வேலை எது? எதை எப்போது எண்ணெயில் போட வேண்டும், மாவு எந்தப் பதத்தில் பிசைய வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கும் அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவே நடக்கும் வழக்கின் சாட்சிகள். சம்பளம் இல்லாத வேலையை இவ்வளவு கூர்ந்து பார்த்த நாவல்கள் குறைவு. யாழினிக்கு முகம் மலர்ந்தது. சனிக்கிழமை விவாதத்தில் அவள் தோற்கவில்லை என்று சொன்னேன். அவளும் அதை ஏற்றுக்கொண்டாள்.

பக்கத்திலேயே விக்டோரியா ஸ்திரீட்டில் தேசிய நூலகம், பதினாறு மாடிக் கட்டடம். ஒன்பதாம் தளத்தில் சீன, மலாய், தமிழ் நூல்கள். மா. இளங்கண்ணனின் 'வைகறைப் பூக்கள்' (1990) நாவலை எடுத்து உட்கார்ந்தேன். ஜப்பானியர் ஆட்சிக் காலத்துக் கதை. 1982இல் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருதும் 2005இல் கலாசாரப் பதக்கமும் பெற்ற எழுத்தாளர். முதல் அத்தியாயங்கள்தான் முடிந்திருக்கின்றன, அதனால் தீர்ப்பு எதுவும் சொல்லப்போவதில்லை. நாளை காலை மறுபடி வந்து தொடர்வேன்.

எழுந்து வருவதற்குள் மனத்தில் ஒன்று உறுதியாகிவிட்டது. இந்தப் பயணத்தில் படித்தவற்றில் தமிழுக்கு முதலில் வர வேண்டியது ஜிங்-ஜிங் லீயின் நாவல். நான் தேடியவரை தமிழில் கண்ணில் படவில்லை. மொழிபெயர்க்க நினைப்பவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. ஆங்கிலமும் தமிழும் தெரிந்தால் மட்டும் போதாது. விடியும் முன்பே ஈரச்சந்தைக்குப் பின்புறம் போய், அட்டை பிரிக்கும் பாட்டிகளோடு சில நாட்கள் நில்லுங்கள். அவர்கள் அனுமதித்தால் ஒரு கட்டைக் கட்டிக் கொடுத்து, வண்டியை எடைக்கடைவரை தள்ளிப் பாருங்கள். வாங் டியின் பக்கங்களை அதன் பிறகு தொடங்குங்கள். சிங்கப்பூரில் இருக்கும் தமிழ் எழுத்தாளர் எவராவது இதைக் கையில் எடுத்தால், படிகளை ஒப்புநோக்கிப் பிழை பார்க்கும் வேலையை நான் மதுரையிலிருந்தே செய்து தருகிறேன்.